வேற்றுக்கோளின் மண்ணும் மறுமொழியும்: குடியேற்ற விளையாட்டுகளின் வரலாறு

கணினி விளையாட்டுகளுள் உத்தி விளையாட்டு எனப்படும் வகை கைவேகத்தையும் குறிபார்க்கும் திறனையும் பெரிதாகச் சோதிப்பதில்லை. கையிருப்பைக் கணக்கிட்டுச் செலவிடுவதும், எதிராளியின் எண்ணத்தை ஊகிப்பதும், இன்று இட்ட முதல் பல சுற்றுகளுக்குப் பின் என்ன தரும் என்று முன்கூட்டிப் பார்ப்பதுமே அதன் உயிர். அவ்வகையின் ஒரு கிளையாக 1980களில் வேர்கொண்டது கோள்-குடியேற்ற விளையாட்டு. மனிதர் சிலர் பூமியை விட்டு நீங்கி, வேற்றுக்கோள் ஒன்றில் இறங்கி, அங்கே பயிர் செய்து, கனிமம் அகழ்ந்து, ஊர் அமைத்து நிலைபெற முயல்வதே இக்கிளையின் பொதுக்கதை.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இக்கதை, வடிவமைப்பாளருக்கு ஒரு கடினமான சிக்கலை முன்வைக்கிறது. மனித வரலாற்றைக் களமாகக் கொண்ட விளையாட்டில், ஆடுபவர் பள்ளியிலேயே கற்றுவந்த செய்திகள் பாதி வேலையைச் செய்துவிடுகின்றன. சக்கரம், எழுத்து, வெடிமருந்து, அச்சு என்ற பெயர்களைக் கண்டவுடனேயே அவை எதற்குப் பயன்படும், எதன்பின் எது வரும் என்பது விளங்கிவிடுகிறது. வேற்றுக்கோளில் அந்தத் துணை கிடையாது. மண்ணின் இயல்பு, மழையின் போக்கு, அங்கு வாழும் உயிர், எதிரே நிற்கும் பகை ஆகிய அனைத்தையும் வடிவமைப்பாளரே படைத்து, அவற்றை ஆடுபவர் நம்பும்படியும் செய்ய வேண்டும். ஆகவே இவ்வகை விளையாட்டு ஒவ்வொன்றையும் மதிப்பிட ஒரே வினா போதுமானது: குடியேறியவனுக்கு எதிரே நிற்பது யார், அவனுடைய செயலுக்கு அந்த எதிர்த்தரப்பு உண்மையிலேயே மறுமொழி தருகிறதா?

இவ்வினாவுக்கு முதலில் விடை தந்த விளையாட்டு, 1983இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட மியூல். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் லிட்டில் ராக் நகரில் இயங்கிய ஓசார்க் சாஃப்ட்ஸ்கேப் என்ற சிறு குழு, டானி பன்டன் பெர்ரியின் தலைமையில் இதை உருவாக்கியது. அட்டாரி கணினிக்காக எழுதப்பட்ட இவ்விளையாட்டில், அட்டாரி என்ற பெயரைத் தலைகீழாக எழுதியே கோளுக்கு இராட்டா என்று பெயரிட்டிருந்தார்கள். நால்வர் அக்கோளில் இறங்குகிறார்கள். மாதந்தோறும் ஆளுக்கொரு துண்டு நிலம் பெற்று, அதில் பொதிவிலங்கைப் போன்ற ஓர் இயந்திரத்தை நிறுவி, உணவோ ஆற்றலோ உலோகத்தாதுவோ படிகமோ விளைவிக்கிறார்கள். பன்னிரண்டு மாதம் முடிந்ததும் எவரிடம் செல்வம் மிகுதியோ அவரே வென்றவர். ஆயினும் நால்வரின் செல்வமும் சேர்ந்து குடியேற்றத்தின் மொத்த மதிப்பாகக் கணக்கிடப்படுவதால், மற்றவர்களை ஓட்டாண்டியாக்கிப் பெறும் வெற்றி பொலிவிழந்து போகிறது.

மியூலின் மேன்மை முழுவதும் அதன் சந்தையில் அடங்கியிருக்கிறது. விளைச்சல் முடிந்ததும் திரையில் விற்பவர்கள் மேல்விளிம்பிலும் வாங்குபவர்கள் கீழ்விளிம்பிலும் நிற்கிறார்கள். வாங்க விரும்புபவர் தம் உருவத்தை மேல்நோக்கி நகர்த்தினால் அவர் தர ஒப்பும் விலை உயர்கிறது. விற்பவர் இறங்கிவந்தால் அவர் கேட்கும் விலை குறைகிறது. இருவரும் ஒரே கோட்டில் சந்திக்கும் கணத்தில் சரக்கு ஒவ்வோர் அலகாகக் கைமாறத் தொடங்குகிறது. ஒரு மாதம் எவரிடமும் போதிய உணவு இல்லை என்று வைத்துக்கொண்டால், உணவு குறைந்தவருக்கு அடுத்த முறை வேலை செய்யக் கிடைக்கும் நேரம் குறையும் என்பதால், மிகுதியாக உணவு வைத்திருப்பவர் மேல்விளிம்பிலேயே அசையாமல் நின்று, கீழே நிற்பவர்களின் தவிப்பைக் காணலாம். அவர் இறங்கவே மறுத்தால் மற்ற மூவரும் நலிவார்கள்; மூவரும் நலிந்தால் தாது குறையும்; தாது குறைந்தால் கடையில் புதிய இயந்திரம் கிடைக்காது; கிடைக்காவிட்டால் அவருடைய நிலமும் வெறுமையாகவே கிடக்கும். தட்டுப்பாடு, பதுக்கல், பேராசை, கூட்டுறவு என்று பொருளியல் பாடநூல் அதிகாரம் அதிகாரமாக விளக்குவதை, இவ்விளையாட்டு ஒரு சொல்லும் பேசாமல் உணர்த்திவிடுகிறது. எதிர்பாராமல் வரும் நற்பேறு முன்னிற்பவருக்குக் கிடைக்காமலும், தீப்பேறு பின்தங்கியவரைத் தாக்காமலும் பார்த்துக்கொள்ளும் விதியொன்றும் அதில் உண்டு. தோற்பவரும் கடைசி மாதம்வரை நம்பிக்கையோடு ஆட வேண்டும் என்ற அக்கறையை அவ்விதியில் காணலாம்.

மியூலின் குறையும் இதே இடத்திலிருந்துதான் எழுகிறது. அங்கே குடியேறியவனுக்கு எதிரே நிற்பவர்கள் உடன் குடியேறிய மற்ற மூவரே. ஆறும் சமவெளியும் மலையுமாகப் பிரிந்து கிடக்கும் இராட்டாவின் நிலமோ விளைச்சலைக் கூட்டிக் குறைக்கும் ஒரு பலகைதான்; எத்தனை முறை உழுதாலும் அது மாறுவதில்லை, தேய்வதுமில்லை. நால்வர் ஒரே கணினியைச் சூழ்ந்து அமர்ந்தால் மட்டுமே ஆட்டம் முழுச்சுவை பெறும். கணினியே மற்ற மூவராகவும் ஆடும்போது அச்சந்தையின் பதைபதைப்பு வெகுவாகத் தணிந்துவிடும்.

மண்ணை முன்னிறுத்தும் முயற்சி வேறொரு மரபிலிருந்து வந்தது. மேரிலாந்து மாநிலத்தில் இயங்கிய மைக்ரோபுரோஸ் நிறுவனத்திலிருந்து, சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும் உருவாக்கிய சிவிலைசேஷன் 1991இல் வெளிவந்தது. கற்கால ஊரொன்றிலிருந்து தொடங்கி நாகரிகத்தை வளர்க்கும் அவ்வாட்டத்தை வெல்ல இரு வழிகள் இருந்தன: எல்லாப் பகைவரையும் அழிப்பது ஒன்று, விண்கலம் கட்டி, நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் தொகுதியான ஆல்ஃபா சென்டாரிக்கு மனிதரை அனுப்புவது மற்றொன்று. கலம் சென்று சேர்ந்ததும் ஆட்டம் முடிந்துவிடும். சேர்ந்த இடத்தில் என்ன நிகழ்ந்தது என்பதைச் சொல்ல மேலும் எட்டாண்டுகள் ஆயின.

அவ்விடைவெளியில் நிகழ்ந்தவற்றுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. 1994இல் சியரா நிறுவனம் வெளியிட்ட அவுட்போஸ்ட், முன்னர் நாசாவில் பணியாற்றிய புரூஸ் பால்ஃபரின் வடிவமைப்பில், மெய்யான அறிவியலை அடியொற்றிய குடியேற்றத்தைக் காட்டுவதாக அறிவித்தது. ஆனால் கையேட்டில் விளக்கப்பட்ட பல வசதிகள் விற்பனைக்கு வந்த நிரலில் இடம்பெறவே இல்லை. அறிவியல் துல்லியம் ஒரு விளையாட்டைத் தானாகவே உயர்த்திவிடாது என்பதற்கு அது சான்றாக நின்றது.

மற்றொன்று, அதே 1994இல் மைக்ரோபுரோஸ் வெளியிட்டதும் பிரையன் ரெனால்ட்ஸ் வடிவமைத்ததுமான கொலோனைசேஷன். இது வேற்றுக்கோளைப் பற்றியது அன்று. ஐரோப்பியர் அமெரிக்கக் கண்டங்களில் குடியேறிய வரலாற்றைப் பற்றியது. இங்கிலாந்து, பிரான்சு, ஸ்பெயின், நெதர்லாந்து ஆகிய நான்கில் ஒன்றன் சார்பாகக் கரையிறங்கும் ஆடுநர், கரும்பும் புகையிலையும் பருத்தியும் விளைவித்து, தாய்நாட்டுக்கு ஏற்றி, இறுதியில் அதனிடமிருந்தே விடுதலை பெறப் போரிடுகிறார். சரக்கும் விலையும் வரியும் மிக நுட்பமாகப் பின்னப்பட்ட அவ்வாட்டத்தில் அடிமை முறை அடியோடு விடுபட்டிருந்தது. அத்தோட்டங்களில் யாருடைய முதுகு வளைந்தது என்ற வினா எழவே இல்லை. தோட்ட வேலைக்காகக் கப்பலேற்றப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இலங்கையிலும் மலேசியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் வாழ்கையில், தமிழில் வாசிப்பவர் இவ்விடுபாட்டைச் சிறு குறையாகக் கடந்து செல்ல இயலாது. குடியேற்றம் என்பதை வெற்றுநிலத்தில் நிகழும் துணிகரச் செயலாகக் காட்டும் பழக்கம் இத்துறை முழுவதிலும் ஊடுருவியிருக்கிறது. அதே ரெனால்ட்ஸ் ஐந்தாண்டுகளுக்குப் பின் வடிவமைத்த விளையாட்டே அப்பழக்கத்தை மிக ஆழமாகக் கேள்விக்குட்படுத்தியது என்பது கவனத்துக்குரியது.

ரெனால்ட்ஸ், சிட் மையர், ஜெஃப் பிரிக்ஸ் ஆகிய மூவரும் 1996இல் மைக்ரோபுரோஸை விட்டு வெளியேறி ஃபிராக்சிஸ் என்ற புதிய நிறுவனத்தைத் தொடங்கினார்கள். சிவிலைசேஷன் என்ற பெயரின் உரிமை பழைய நிறுவனத்திடமே தங்கிவிட்டதால், அப்பெயரைத் தொடாமல் அதன் கதையை மட்டும் தொடரும் வழியாக ஆல்ஃபா சென்டாரி பிறந்தது. சிட் மையரின் பெயரை முன்னொட்டாகத் தாங்கி, 1999 பிப்ரவரியில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வழியாக வெளிவந்த அவ்விளையாட்டின் தலைமை வடிவமைப்பாளர் ரெனால்ட்ஸ்தான். ஃபிராங்க் ஹெர்பர்ட், கிம் ஸ்டான்லி ராபின்சன், வெர்னர் விஞ்ச் போன்ற அறிவியல் புனைகதையாளர்களின் தாக்கம் அதில் வெளிப்படையாகவே தெரிகிறது.

கதை இவ்வாறு அமைகிறது. சீரழிந்துவரும் பூமியிலிருந்து யூனிட்டி என்ற கலம் நாற்பதாண்டுப் பயணத்தில் புறப்படுகிறது. சேருமுன்னரே கலம் பழுதுபட்டு, தலைவர் கொல்லப்பட, பயணிகள் கொள்கைவாரியாக ஏழு கூட்டங்களாகப் பிரிந்து, கைரான் என்ற கோளில் தனித்தனியே இறங்குகிறார்கள். நாடோ மொழியோ இனமோ அவர்களைப் பிரிக்கவில்லை. மனித வாழ்வு எதற்காக என்ற கேள்விக்கு அவர்கள் தரும் விடைகளே பிரிக்கின்றன. இயற்கையோடு இயைந்து வாழ்வதை டேர்ட்ரா ஸ்கையும், தனிமனிதனைக் கூட்டத்தில் கரைக்கும் கட்டுப்பாட்டை ஷெங்-ஜி யாங்கும், தடையற்ற ஆராய்ச்சியைப் புரோகோர் சகாரோவும், வணிகத்தை ந்வாபுடிகே மார்கனும், படைவலியைக் கொரசோன் சாந்தியாகோவும், இறைப்பற்றை மிரியம் காட்வின்சனும் ஏந்தி நிற்க, ஐக்கிய நாடுகள் அவையின் மக்களாட்சி நெறியைக் காப்பவராக வருபவர் பிரவீன் லால் என்ற இந்திய அறுவை மருத்துவர்.

இவ்விளையாட்டின் முதற்பெரும் வலிமை அதன் நிலம். சிவிலைசேஷனில் ஒரு கட்டம் புல்வெளி என்றால் அது புல்வெளியே. அதற்குக் காரணம் கேட்பதற்கில்லை. கைரானில் ஒவ்வொரு கட்டமும் உயரம், ஈரம், பாறைத்தன்மை என்ற மூன்று அளவைகளின் கூட்டு. ஈரம் ஊட்டத்தையும், பாறை கனிமத்தையும், உயரம் ஆற்றலையும் தீர்மானிக்கின்றன. கதிரொளி வாங்கும் தகடுகள் ஆயிரம் மீட்டர் உயர உயரக் கூடுதல் ஆற்றல் தருகின்றன. காற்று மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசுவதால், மலையின் மேற்குச் சரிவு நனைந்தும் கிழக்குச் சரிவு வறண்டும் கிடக்கின்றன; மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே மழை மறைவுப் பகுதியில் வாழ்பவர்களுக்கு இவ்விதியை விளக்கத் தேவையில்லை. அவ்வளவோடு நில்லாமல், நிலமாற்றி எனத்தகும் ஊர்தியைக் கொண்டு ஆடுபவர் நிலத்தையே உயர்த்தவும் தாழ்த்தவும் முடியும். தன் எல்லையில் ஒரு மலைத்தொடரை எழுப்பினால் தனக்கு ஆற்றல் பெருகும். அதே மலை கிழக்கேயுள்ள அண்டைவீட்டாரின் மழையைத் தடுத்து அவருடைய வயல்களை வறளச் செய்யும். துப்பாக்கி வெடிக்காமலே தொடுக்கப்படும் இப்போருக்கு ஈடான ஒன்றைப் பின்னர் வந்த விளையாட்டுகளில் காண்பது அரிது.

இரண்டாம் வலிமை, அந்நிலம் வாய்மூடிக் கிடப்பதில்லை என்பது. கோள் முழுவதும் செந்நிறப் பூஞ்சைக்காடு படர்ந்திருக்கிறது. அதற்குள் மனப்புழு எனப்படும் உயிர்கள் திரள்களாக உறைகின்றன. இப்புழுக்களோடு பொருதும்போது துப்பாக்கியின் வலிமையும் கவசத்தின் கனமும் கணக்கில் வருவதில்லை. வீரனின் மனவுறுதி மட்டுமே எடைபோடப்படுகிறது. ஊர்கள் கனிம உற்பத்தியைக் கட்டுமீறிப் பெருக்கினால், சூழல் சிதைவின் அளவு ஏறி, ஒரு நாள் வயல்களின் நடுவே பூஞ்சை வெடித்து முளைத்து, சுரங்கங்களையும் தகடுகளையும் மூடிவிட, அதிலிருந்து புழுக்கள் புறப்பட்டு ஊரை நோக்கி வரும். சிதைவு மேலும் மிகுந்தால் துருவப் பனி உருகிக் கடல்மட்டம் உயர்ந்து, கரையோர ஊர்கள் மூழ்கும். கோளின் கூட்டவையில் வாக்கெடுத்து வேண்டுமென்றே பனியை உருக்கவும், விண்ணில் நிழற்குடை விரித்துக் கோளைக் குளிர்விக்கவும் வழியுண்டு. மேட்டுநிலத்தில் ஊர் கொண்டவரும் கரையில் ஊர் கொண்டவரும் அவ்வாக்கெடுப்பில் எப்படி நிற்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1999இல் ஒரு கேளிக்கைப் பொருள் காலநிலை அரசியலை இவ்வளவு தெளிவாக விதிகளாக்கியது வியப்புக்குரிய சாதனை.

பூஞ்சை ஒரு தொற்று அன்று, கோளின் நரம்பு மண்டலம் என்பதும், அது பெருகிச் செறியும்போது கோளுக்கே சிந்தனை பிறக்கிறது என்பதும் கதையின் போக்கில் சிறிது சிறிதாக வெளிப்படுகின்றன. கொலோனைசேஷனில் விடுபட்ட வினா இங்கே திரும்பி வருகிறது: இந்நிலம் வெற்றுநிலமா? கைரான் இல்லை என்கிறது. அதைச் சொற்களால் சொல்லுமுன் புழுக்களாலும் பூஞ்சையாலும் சொல்லிவிடுகிறது. ஆட்டத்தை முடிக்கும் வழிகளுள் உயர்ந்ததாக வைக்கப்பட்டிருப்பது, மனித மனங்கள் அக்கோளின் மனத்தோடு ஒன்றுகலப்பது.

மூன்றாவது, கொள்கைகளை விதிகளாக்கிய திறன். அரசியல், பொருளியல், விழுமியம், எதிர்காலச் சமூகம் என்ற நான்கு தலைப்புகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தேர்வைச் செய்து தன் சமூகத்தை ஆடுபவர் வடிவமைக்கிறார். ஒவ்வொரு தேர்வும் எதையாவது தந்து எதையாவது பறிக்கிறது. தடையற்ற சந்தையைத் தேர்ந்தால் கருவூலம் நிரம்பும், ஆனால் கோளின் சினம் மூளும், ஊருக்குள் அமைதி காப்பதும் கடினமாகும். பசுமைப் பொருளியலைத் தேர்ந்தால் கோள் இணங்கிவரும், புழுக்களைப் பழக்கிப் படையாக்கவும் கூடும், ஆனால் மக்கள்தொகை மெல்லவே வளரும். ஒவ்வொரு தொழில்நுட்பம் கைகூடும்போதும் ஏழு தலைவர்களில் ஒருவரோ மெய்யான மெய்யியலாளர் ஒருவரோ பேசுவதாக அமைந்த சிறு மேற்கோள் ஒலிக்கிறது. அவ்வெழுத்தின் நேர்மை போற்றத்தக்கது. மதவெறியராக முதலில் தோன்றும் மிரியமின் பிற்காலக் கூற்றுகள், மனிதன் இயந்திரத்தோடு கலந்து தன்னை இழப்பதைப் பற்றிய மிகக் கூரிய எச்சரிக்கைகளாக இருக்கின்றன. ஆய்வையே தெய்வமாகக் கொள்ளும் சகாரோவின் உற்சாகத்துக்குப் பக்கத்தில் அவற்றை வைத்துக் கேட்பவர், எந்தப் பக்கம் நியாயம் என்று எளிதில் முடிவுகட்ட முடியாது.

இனி குறைகள். அவற்றுள் தலையாயது, கணினி ஆடும் எதிராளியின் மந்தம். மழையையும் உயரத்தையும் வைத்து இவ்வளவு நுண்மையாகப் பின்னிய நிலத்தைக் கணினி எதிராளியால் படிக்கவே இயலவில்லை. மனித ஆடுநர் ஈரம் பெருக்கும் கருவியையும் ஆழ்துளைச் சுரங்கத்தையும் இடமறிந்து நிறுவித் தன் நாட்டை ஒரு நூற்றாண்டுக்குள் முகம் தெரியாமல் மாற்றிவிட, கணினி ஆளும் கூட்டங்கள் தொடக்கநிலை வயல்களோடும் சாலைகளோடும் பின்தங்கி நிற்கின்றன. கடினமான நிலைகளில் அவற்றுக்கு உற்பத்திச் சலுகை தரப்பட்டாலும், சலுகையால் அளவு பெருகுமே தவிர அறிவு பெருகுவதில்லை. கடல் கடந்து படை செலுத்துவதிலும் வான்படையைத் திரட்டிப் பயன்படுத்துவதிலும் அவை தடுமாறுகின்றன. கோள் தரும் மறுமொழி கூர்மையாக இருக்க, உடன் குடியேறியவர்கள் தரும் மறுமொழி மழுங்கியிருப்பது, மியூலின் நிலைக்கு நேர்மாறானது.

எழுத்தின் நுண்மைக்கும் நடத்தையின் முரட்டுத்தனத்துக்கும் இடையே விழும் பிளவும் இதனோடு சேர்ந்தது. மேற்கோள்களில் சிந்திக்கும் மிரியம், ஆட்டத்தில் பெரும்பாலும் அண்டைவீட்டார்மேல் ஓயாது படையெடுப்பவராக மட்டுமே வருகிறார். தலைவர்கள் தம் கொள்கைக்கு மாறானதைத் தேர்ந்தவரிடம் சினம் கொள்வதும், ஒத்ததைத் தேர்ந்தவரை மெச்சுவதும் நல்ல ஏற்பாடே. ஆயினும் காலம் செல்லச் செல்ல அவர்கள் கற்பதில்லை, மனம் மாறுவதில்லை. மேற்கோள்களில் வளரும் மனிதர்கள் ஆட்டத்தில் முதல் நாள் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள்.

விதிகளின் சமநிலையிலும் ஓட்டைகள் உண்டு. ஊருக்கு எட்டாத கட்டத்திலிருந்து ஒரு வகை வளத்தை மட்டும் ஈட்டிவரும் சரக்கூர்தியைக் கணக்கின்றிக் கட்டிக் குவிப்பவருக்கு ஈடில்லை. அவ்வூர்தியை உருக்கி, இரகசியத் திட்டம் எனப்படும் பெரும் பணிக்கு அதன் முழுக் கனிம மதிப்பையும் அளிக்க முடியும் என்பதால், மற்றவர் பல ஆண்டு உழைக்கும் திட்டத்தை அவர் ஒரே சுற்றில் முடித்துவிடுகிறார். சிறு ஊர்களை நெருக்கி நெருக்கி அமைப்பதே அழகிய பெருநகரம் வளர்ப்பதைவிட ஆதாயம் தருகிறது. தடையற்ற சந்தை ஒவ்வொரு கட்டத்திலும் சேர்க்கும் ஆற்றல் பெரிதாதலால், அதன் தீமைகளைத் தாங்கிக்கொள்ளக் கற்றவருக்குப் பிற பொருளியல் தேர்வுகள் வலுவிழந்து தோன்றும். மெய்யியல் வாதமாகத் தொடங்கிய தேர்வு, பழகிய கைகளில் கூட்டல் கழித்தலாகச் சுருங்கிவிடுவதே இவ்வோட்டைகளால் நேரும் உண்மையான இழப்பு.

ஆட்டத்தின் பிற்பாதி சுமையாகிவிடுவது இன்னொரு குறை. முதல் நூறு சுற்றுகளில் ஒவ்வொரு நிலமாற்றியின் ஒவ்வோர் அசைவும் பொருள் உள்ளதாக இருக்கிறது; முப்பது, நாற்பது ஊர்கள் எழுந்தபின் அதே பணி எண்ணற்ற சிறு கட்டளைகளாகப் பெருகி, ஒரு சுற்றை முடிக்கவே நெடுநேரம் ஆகிறது. இவ்வேலையைத் தாமே ஏற்கும் ஆளுநர் வசதி தரப்பட்டிருந்தாலும், அதன் முடிவுகளை நம்பி விட்டுவிட முடிவதில்லை. உடற்கூடு, ஆயுதம், கவசம், உலை ஆகியவற்றை இணைத்துப் படைப்பிரிவுகளைத் தாமே வடிவமைக்கும் பட்டறையும் இவ்வாறே. தொடக்கத்தில் மகிழ்ச்சி தருவது, போகப்போக ஒன்றுக்கொன்று வேறுபாடு தெரியாத பெயர்களின் நீண்ட பட்டியலாகிவிடுகிறது. செம்மண்ணும் செம்பூஞ்சையுமாகப் பரந்த நிலத்தில், எந்தக் கட்டம் ஈரம், எது வறட்சி என்று கண்ணால் பிரித்தறிவதும் கடினம். புறத்தோற்றத்தின் இவ்விறுக்கம் புதியவர்கள் பலரை வாசலிலேயே நிறுத்திவிட்டது என்று கருத இடமுண்டு.

விமர்சகர்கள் இவ்விளையாட்டை வெகுவாகப் புகழ்ந்தார்கள். பிசி கேமர் இதழின் அமெரிக்கப் பதிப்பு நூற்றுக்கு 98 மதிப்பெண் அளித்தது. அதே 1999இல் வெளிவந்த ஏலியன் கிராஸ்ஃபயர் என்ற விரிவாக்கம் மேலும் ஏழு கூட்டங்களைச் சேர்த்தது. அவற்றுள் இரண்டு, கோளின் பழைய வரலாற்றோடு தொடர்புடைய வேற்றுயிரினத்தின் கூட்டங்கள். தெளிவின்மையால் அச்சமூட்டிய ஒரு மறைபொருளுக்கு முகமும் பெயரும் படையும் தந்துவிட்ட அவ்விரிவாக்கம், அளவில் கூட்டினாலும் ஆழத்தில் குறைத்தது என்றே சொல்ல வேண்டும். 2000இல் ரெனால்ட்ஸ் ஃபிராக்சிஸை விட்டு நீங்கினார்.

ஆல்ஃபா சென்டாரியின் கண்டுபிடிப்புகள் அதன் பெயர் இல்லாமல் பிற விளையாட்டுகளில் பரவின. நாட்டு எல்லைக்கோடு அம்மரபில் முதன்முதலாக இதில்தான் தோன்றி, 2001இல் வந்த மூன்றாம் சிவிலைசேஷனுக்குச் சென்றது; சமூக வடிவமைப்பு முறை 2005இல் வந்த நான்காம் சிவிலைசேஷனில் குடிமை நெறிகளாக உருமாறியது. ஆனால் பெயரின் உரிமை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸிடம் இருந்ததால், ஃபிராக்சிஸ் மீண்டும் வேற்றுக்கோளுக்குத் திரும்பியபோது வேறு பெயரையே சூட்ட வேண்டியிருந்தது.

2014 அக்டோபரில் வெளிவந்த பியாண்ட் எர்த் என்னும் அவ்விளையாட்டு, பல குறைகளைக் களைந்து வந்தது. அறுகோணக் கட்டங்கள் தெளிவாக இருந்தன. தொழில்நுட்பங்கள் மரமாகக் கிளைக்காமல் வலையாகப் பரவின. கோளோடு இசைதல், பூமியின் மரபைக் காத்தல், இயந்திரத்தோடு கலத்தல் என்ற மூன்று நாட்டங்களில் ஒன்றை நோக்கி ஒவ்வொரு சமூகமும் வளர்ந்தது. தெற்காசியாவைச் சேர்ந்த கூட்டமொன்றும் கவிதா தாக்கூர் என்ற தலைவியோடு அதில் இடம்பெற்றது. இருந்தும் பழைய ஆட்டத்தை நேசித்தவர்கள் நிறைவு கொள்ளவில்லை. நாட்டம் என்பது பெரும்பாலும் எத்தொழில்நுட்பத்தைக் கற்றோம் என்பதைப் பொறுத்தே உயர்ந்தது. அண்டைவீட்டாரை எப்படி நடத்தினோம், மண்ணை என்ன செய்தோம் என்பவை அதைப் பெரிதாக அசைக்கவில்லை. தலைவர்கள் நாடுகளின் பேராளர்களாக மீண்டும் சுருங்கிப்போனார்கள். அவர்களுள் ஒருவருடைய சொல்லும் மிரியமின் சொல்லைப் போல நெஞ்சில் தைக்கவில்லை. நச்சுப்புகை படர்ந்த நிலம் இருந்தாலும் அது நீக்கப்படும் தடையாகவே இருந்தது. சினந்து எழும் எதிர்த்தரப்பாக வளரவில்லை. குறைகளை நீக்கும் பணியில் முரண்களும் சேர்ந்து நீங்கிவிட்டன.

2018இல் பல்கேரியாவின் ஹேமிமான்ட் கேம்ஸ் உருவாக்கிய சர்வைவிங் மார்ஸ் போன்றவை மற்றொரு பாதையைத் தேர்ந்தன: எதிராளிகளைக் கிட்டத்தட்ட முழுவதுமாக விலக்கிவிட்டு, செவ்வாயின் புழுதிச் சூறாவளி, விண்கல் வீழ்ச்சி, கடுங்குளிர் ஆகியவற்றுக்கிடையே குவிமாடங்களுக்குள் மூச்சுக்காற்றும் நீரும் தீராமல் காப்பதே ஆட்டம். ஒரு நீர்க்குழாய் வெடித்தால் எத்தனை பேருக்குத் தாகம் என்று கணக்கிடும் அக்கவலை மெய்யானது. ஆனால் வாழ்வைக் காப்பதே முழுவேலையாகும்போது, எத்தகைய வாழ்வு என்ற வினாவுக்கு அங்கே இடம் குறைவு.

ஆல்ஃபா சென்டாரியை இன்றும் ஆடுபவர்கள் இருக்கிறார்கள்; அவர்களுள் நிரலெழுதத் தெரிந்தவர்கள் அதன் பிழைகளைத் தாமே திருத்தி வெளியிட்டும் வருகிறார்கள். அவற்றுள் திங்கர் என்ற திருத்தம் குறிப்பிடத்தக்கது. அது பெரும்பாலும் கணினி எதிராளியின் மூளையையே தொடுகிறது: நிலமாற்றிகளை எங்கே அனுப்புவது, சரக்கூர்திகளை எப்போது கட்டுவது, ஊர்களை எவ்வளவு நெருக்கமாக அமைப்பது, கடல் கடந்து படையை எப்படி இறக்குவது என்பவற்றை அது கணினிக்குக் கற்பிக்கிறது. அத்திருத்தத்தோடு ஆடுபவர் எதிரிநாட்டின்மேல் பார்வையைச் செலுத்தினால், முன்பு வெறும் சாலைகள் கிடந்த இடத்தில் காடுகளும் ஆழ்துளைச் சுரங்கங்களும் முறையாக நிற்பதைக் காண்கிறார். யாங்கின் கூட்டமோ மார்கனின் கூட்டமோ தமக்கு இணையாக அந்த மண்ணைப் படித்திருப்பதை அறிந்து, தம் எல்லையில் மலை எழுப்பும் திட்டத்தை மீண்டும் எண்ணிப்பார்க்கிறார். 1999இன் விதிகளைப் பெரிதும் அப்படியே வைத்துக்கொண்டு இவ்வளவு மாற்றம் இயன்றிருப்பதால், அவ்விளையாட்டின் மிகப்பெரிய குறை அதன் வடிவமைப்பின் வேரில் இருந்ததில்லை என்றும், அக்காலக் கணினிகளின் வேகத்துக்கும் வெளியீட்டுக் கெடுவுக்கும் உட்பட்டுப் பாதியில் நின்ற பணியே அது என்றும் கொள்ளலாம்.